கூடத்து மூலையில் ஒரு கடல்

அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில் இருந்த மீன்தொட்டியை வாங்கியவன் தம்பி. கழுவியவள் அக்கா. வாங்கியது ஒரு நாள் வேலை, கழுவியது பதினோரு வருட வேலை. ஆனாலும் யார் வீட்டுக்கு வந்தாலும் அது தம்பியின் தொட்டி என்றுதான் அறிமுகம் நடக்கும். தம்பியும் கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, மீன்களை மிரள வைத்துவிட்டுப் பெருமையாக நகர்ந்துபோவான்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைச் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே ஆராய்ந்து முடித்துவிட்டபடியால் நாமும் அதில் மூக்கை நுழைக்க வேண்டாம். அப்பா இருவர் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போன அடுக்குமாடி வீட்டில் தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வேலை. அறுவைக்கான கத்திகளையும் இடுக்கிகளையும் கழுவி, தட்டில் அடுக்கி, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். போதுமான நேரம் வெந்தால்தான் அதிலுள்ள கோடுகள் கறுக்கும். கறுக்காத தட்டு அவளைத் தாண்டிப் போகாது. ஒருமுறை பெரிய டாக்டரே கீழே இறங்கி வந்து குதித்தார். அக்கா நாடாவைக் காட்டி, "இன்னும் கறுக்கல டாக்டர்" என்றாள். அவர் போய் மரியாதையாகக் காத்திருந்தார். இப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால், நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ளலாமா என்று தம்பியைக் கேட்பாள். வெளியில் புலி, வீட்டில் எலி என்று ஆண்பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். பெண்பிள்ளைகளிலும் உண்டு.

தொட்டியில் கடைசியாக மிஞ்சியிருந்த கிழட்டுப் பொன்மீன் ஒரு புதன்கிழமை செத்துப்போனது. வியாழக்கிழமை அக்கா வேலையிலிருந்து திரும்பும்போது தம்பி அந்த மூலையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அதற்கு ஒரு பெரிய மேசை வேண்டும், அது இந்த மூலையில்தான் சரியாக உட்காரும் என்று விளக்கினான். விளக்கம் என்றால் முடிவு என்று அர்த்தம்.

"அந்த மூலை காலியில்ல" என்றாள் அக்கா.

தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் வந்தது வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். ஆறு மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்திருந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு ஒன்று பிடித்துப்போவதற்கு யாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்? அதனால் சொல்லிவிட்டாள், அந்தத் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றப் போகிறேன் என்று.

தம்பி சமையலறைக்குப் போய் ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்துவந்து தொட்டி மேல் வைத்தான். இது போதுமா, இன்னொன்று வாங்கி வரவா என்று கேட்டான். அவனுடைய நகைச்சுவைக்கு அவனே சிரித்து முடித்த பிறகு நியாயஸ்தன் குரலுக்கு மாறினான்.

"சரிக்கா, எட்டு ஞாயிறு தர்றேன். எட்டாவது ஞாயித்துக்கிழமை இதுல உசிரோட மீன் நீந்தணும். இல்லைன்னா தொட்டி வெளியே, மேசை உள்ளே. சம்மதமா?"

அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்துப் பின்னால் பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மீன் கடைக்காரருக்கு வாளி என்று பெயர். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு வாளி இருப்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் ஆறே வாரத்தில் தொட்டியை அவரிடமே விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே எச்சரித்தார். பணம் போனதால் இல்லையாம், பொறுமை போனதால். அக்கா நோட்டும் பேனாவும் எடுத்தாள். வாளி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் ஞாயிறு முழுக்க உடைப்பு வேலை. நீலச் சரளைக்கல், பாசி பிடித்த செடிகள், பழைய வடிகட்டியின் பஞ்சு எல்லாம் மூட்டை கட்டி வெளியே போயின. கண்ணாடியில் பதினோரு வருடமாகப் படிந்திருந்த சுண்ணாம்புக் கறையை வினிகர் போட்டுத் தேய்த்தாள். பிறகு வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையாக இருக்கும் கற்கள், தண்ணீரைச் சுழலவைக்கும் பம்பு, சூடேற்றும் கம்பி. சுத்திகரித்த தண்ணீரில் கடலுக்கென்றே விற்கும் உப்பைக் கரைத்து இருநூறு லிட்டர் நிரப்பினாள். உப்பை அளக்க, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் குட்டித் தொலைநோக்கி மாதிரி ஒரு கருவி. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து. ஆயிரம் பங்கு தண்ணீரில் முப்பத்தைந்து பங்கு உப்பு, அதுதான் கடலின் கணக்கு. தண்ணீர் மட்டம் எங்கே என்று கண்ணாடியில் ஆஸ்பத்திரி நாடாவை ஒட்டினாள். பின்னாளில் தண்ணீர் மாற்ற வேண்டிவருமே என்று இன்னொரு டிரம்மிலும் உப்புத் தண்ணீர் கலந்து மூடி, தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

இனிமேல்தான் கஷ்டமே, ஏனென்றால் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கல்லிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் பெருக வேண்டும். மீனின் கழிவை விஷமாக விடாமல் தின்று தீர்ப்பது அவைதான். நன்னீரில் இருந்தவை உப்பு பட்டதும் போய்ச்சேர்ந்திருக்கும். புதுக் குடும்பம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாழ்நாள் எல்லாம் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவள், இப்போது கிருமி வளர வேண்டுமென்று சிட்டிகை சிட்டிகையாக மீன் தீனி போட்டுக் காத்திருந்தாள். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பாள். அம்மோனியாக் குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வர வேண்டும். நைட்ரைட் குழாய் ஊதாவிலிருந்து வெளிர்நீலத்துக்கு வர வேண்டும். இரண்டும் வந்தால்தான் மீன்.

நான்காவது வாரம் மணலும் கல்லும் கண்ணாடியும் பழுப்பேறின. டீத்தூள் சிந்தியது மாதிரி எங்கு பார்த்தாலும் ஒரு பாசி. எல்லாப் புதுத் தொட்டிக்கும் இந்த அவலட்சணம் வரும், தானாகப் போகும், கை வைக்காதீர்கள் என்று வாளி சொல்லியிருந்தார். தம்பிக்கு யார் சொல்லியிருந்தார்கள்? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். அக்கா கடல் வளர்க்கிறாள், கடலுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றான். பக்கத்து வீட்டுக்காரர், காலித் தொட்டிக்கு எதற்கு இவ்வளவு மின்சாரம் என்று அக்கறையாக விசாரித்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதுவரை பொறுத்ததில் ஒரு மூலைகூட ஆளவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபமும் வந்தது. கோபத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்தாள்.

ஐந்தாவது வாரம் அம்மோனியா மஞ்சளுக்கு வந்தது. ஆனால் நைட்ரைட் ஊதாவிலேயே உட்கார்ந்துகொண்டது. அதைவிடப் புரியாத சங்கதி, உப்பு ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. தண்ணீர் நாடாவுக்குக் கீழே இறங்கினால் சுத்தமான தண்ணீரை ஊற்றலாம் என்று பார்த்தால், சாயங்காலம் அவள் வரும்போதெல்லாம் மட்டம் சரியாக நாடாவிலேயே நிற்கிறது. மழைக்காலம், காற்றில் ஈரம், ஆவியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கருவி பொய் சொல்கிறதோ என்று வெறும் தண்ணீர் விட்டுச் சரிபார்த்தாள். பூஜ்யம் காட்டியது. அது நேர்மையாகத்தான் இருந்தது. அப்படியானால் தப்பு தன்னுடையதுதான் என்று முடிவுக்கு வந்தாள். எது கெட்டாலும் முதலில் தன்மேல் சந்தேகப்படுவது அவளுக்கு நெடுநாள் பழக்கம்.

எட்டாவது ஞாயிறும் வந்தது. காலையில் எழுந்ததும் சோதித்தாள். நைட்ரைட் ஊதா. உப்பு நாற்பத்தொன்று. சோபாவில் உட்கார்ந்து நோட்டில் அந்த இரண்டையும் எழுதினாள். பிறகு தொட்டியைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பதினோரு மணிக்கு மேசை வந்தது. பலகை, கால்கள், திருகாணிப் பொட்டலம், அவற்றைப் பொருத்த ஓர் ஆள். அவர் கூடத்தின் நடுவில் பலகையைச் சாய்த்துவிட்டு எங்கே வைக்க வேண்டும் என்று பார்வையால் கேட்டார். வீட்டில் தம்பி இல்லை. அரைமணி கழித்து வந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு கோமாளி மீன்கள்.

அக்கா நோட்டை மூடிவைத்தாள். அவள் ஆசைப்பட்டது அப்படியே எதிரில் நீந்தியது.

"இந்தா, போட்டுடு" என்றான் தம்பி. "நீ ஜெயிச்சதா வெச்சுக்கலாம். மேசையைத் திருப்பி அனுப்பிடறேன்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அக்காவின் முகத்தைச் சில நாளாகப் பார்த்து அவனுக்கும் மனது கேட்கவில்லை. தானே பெருந்தன்மையாகத் தோற்றுக்கொடுத்து, அக்காவுக்கு வெற்றியைப் பரிசாகத் தந்துவிடலாம் என்று வந்திருந்தான். பையை நீட்டிக்கொண்டு நின்றான். பையை வாங்கிக் கவிழ்த்தால் போதும், தொட்டி நிற்கும், மூலை நிற்கும், எல்லாம் நிற்கும். மீன் மட்டும் நிற்காது. இந்த உப்பிலும் அந்த ஊதாவிலும் சாயங்காலத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

"வேணாம்" என்றாள் அக்கா. "தண்ணி இன்னும் தயாராகல. போட்டா செத்துடும்."

"செத்தா நாளைக்குச் செத்துட்டுப் போகுது. இன்னைக்கு நீந்தினா போதும், அதானே பேச்சு?"

"நான் ஜெயிக்கறதுக்கு ரெண்டு உசிர் சாகணுமா? வேணாம்டா."

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. கொடுத்த பரிசை முகத்தில் வீசினால் யாருக்குத்தான் சுருங்காது? பிறகு சுருக்கம் கோபமாக மாறியது. தான் இந்தத் தொட்டிக்காக எவ்வளவு செய்திருக்கிறேன் என்று பட்டியல் போட ஆரம்பித்தான். மின்கட்டணம் ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா, நாலு பேர் சிரித்தபோது சமாளித்தேன், அதுவும் போதாதென்று தினமும் காலையில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றியது யார் என்று நினைத்தாய்?

அக்கா எழுந்து நின்றாள். "எந்தத் தண்ணி?"

"இதோ இந்த டிரம்முல இருக்கறதுதான். நீ கலந்து வெச்ச உப்புத் தண்ணி. மூணு வாரமா, சொம்பு சொம்பா." கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில். "கடலுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும்?"

அக்கா டிரம்மின் மூடியைத் திறந்தாள். முக்கால்வாசி காலி. அவள் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தம்பி மனைவி. அவள் ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரி. இருநூறு பேருக்கு உலை வைக்கிறவள், வீட்டில் வாயைத் திறக்காதவள். வாயில்லாப் பூச்சி என்றுதான் தம்பி அவளைப் பிரியமாகக் குறிப்பிடுவான்.

"பாத்திரம் சுண்டினா உப்பு ஏறும்ங்க" என்றாள் பூச்சி. "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்க போகும், அங்கேயேதான் கிடக்கும். குறைஞ்சதுக்கு வெறுந்தண்ணி ஊத்தணும். நீங்க உப்பு மேல உப்பா ஊத்தியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் அடுப்படிக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மேசை பொருத்த வந்தவர் அவசரமாகத் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது. மூன்று வாரம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிற்கவைத்திருந்தாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அது தெரிந்ததும், உள்ளே ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்திக்கொண்டது.

தம்பி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவனுக்கும் உதட்டு வரை வந்தது. ஆனால் வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மனைவி சிரித்துவிட்டாள். மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைக்கு உலகத்தில் ஒரே மருந்துதான் உண்டு, குரலை உயர்த்துவது. உதவிதானே செய்தேன் என்றான். எனக்கு யார் சொன்னார்கள் என்றான். கடைசியாக, தப்பு யாருடையதாக இருந்தாலும் கெடு கெடுதான், மீனைப் போடு, இல்லாவிட்டால் தொட்டியைத் தூக்கு என்றான்.

"கெடு வைக்க நீ யாருடா?"

அக்கா கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினாள். அந்தக் குரலை இந்த வீடு கேட்டதே இல்லை.

"நீ கெடு வெச்சே, நான் தலையாட்டினேன். அது என் தப்பு. அப்பா இந்த வீட்டை ரெண்டு பேருக்கும்தான் எழுதினார். நான் ஒரு மூலைக்கு உன்கிட்ட எட்டு வாரம் கெஞ்சிக்கிட்டு நிக்கறேன். இனிமே கேக்கறதா இல்ல. மீன் எப்ப வரணும்னு தண்ணியைப் பாத்து நான் சொல்லுவேன். ரெண்டு வாரமோ ரெண்டு மாசமோ. அதுவரைக்கும் காலியாத்தான் இருக்கும். பாக்கறவங்க பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்."

பிறகு மேசைக்காரர் பக்கம் திரும்பி, மேசை உள் அறையில், ஜன்னலோரம் என்றாள். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தான். எப்போதும் அவன் பக்கம்தான் நிற்கிறவள், இதிலும் நிற்பாள் என்று நினைத்திருப்பான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்கண்ணே" என்றாள். மேசைக்காரர் பிடித்தார். பலகை உள் அறைக்குப் போனது. தம்பி கையில் மீன் பையோடு கூடத்தில் தனியாக நின்றான்.

அக்கா அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். பைக்குள் காற்று தீர்வதற்குள் கடைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தன. ஒருமுறை பையில் விரலை வைத்தாள், விரலைத் தேடி வந்தன. இப்போதுதான் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது முடித்தாள். கடையில் வாளிக்கு நம்பவே முடியவில்லை. செத்த மீனைக் கொண்டுவந்து சண்டை போட்டவர்கள் நிறையப் பேர், உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவர் யாரும் இல்லையாம். தண்ணீர் சரியானதும் சொல்லுங்கள், இதே ஜோடியைப் பிடித்துவைக்கிறேன் என்றார். எப்போது என்று அக்கா தேதி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளும் தம்பி மனைவியுமாகத் தொட்டியிலிருந்து இருபத்தைந்து லிட்டரை வாளி வாளியாக மொண்டு கொட்டிவிட்டு, வெறுந்தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். தம்பி மனைவி ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, கொஞ்சம் தூக்கல்தான் என்றாள். கருவி முப்பத்தாறு காட்டியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். தம்பி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

திங்கட்கிழமை அவனுக்கு வீட்டிலிருந்து வேலை. புது மேசையில் உட்கார்ந்தால் தோற்றதாகிவிடும் என்று ரோஷம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் தொட்டி. அக்கா கிளம்பிக்கொண்டிருந்தாள். வீடியோவில் அவனுடைய அதிகாரி வேலைப் பேச்சுக்கு நடுவில், அது என்ன பின்னால், வெறும் கல்லும் தண்ணீருமாக என்று கேட்பது அவள் காதில் விழுந்தது. செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள்.

தம்பி திரும்பித் தொட்டியைப் பார்த்தான். அக்காவையும் பார்த்தான். சளி பிடித்த கடல் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம்.

"கடல்நீர்த் தொட்டி சார். எங்க அக்காவோடது" என்றான்.

மீன் எப்போது வரும் என்று கேட்டார் அவர்.

"தெரியல சார். அக்காவைத்தான் கேக்கணும்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.